தூங்கிய நரம்பும் வின்ச்சு நைனாவும்

டெலிபோன் இல்லாமலே ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் பேசக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் வின்ச்சு நைனா. துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் வின்ச்சு என்ற பாரந்தூக்கி எந்திரத்தை ஓட்டுபவர். அதன் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்த குரல். அவருக்கு ஞானஸ்நானப் பெயர் என்று ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அவர் மனைவியே அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஆஸ்பத்திரி எலும்பு வார்டில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தேன். நான் ரயில்வே கூட்ஸ் ஷெட் குமாஸ்தா. வேகன் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டவன். அவர் காலில் மரப்பெட்டி விழுந்திருந்தது. அவர் தண்ணீர் கேட்டால் பிரசவ வார்டிலிருந்து கொண்டு வருவார்கள்.

எனக்கு முன்னால் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. எலும்பில் தகடு வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் போட்ட அலறலில் கூரைப் புறாக்கள் வீடு மாறின. அப்போதுதான் சீமையில் படித்துத் திரும்பியிருந்த இளம் டாக்டர் வந்தார். தொடை இடுக்கில் ஓர் ஊசி, இடுப்புக்குக் கீழே பின்பக்கம் ஓர் ஊசி. சற்று நேரத்தில் அலறல் நின்றது.

நைனா கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைக் கிள்ளிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"டாக்டரு, இது என் காலு இல்ல. வேற எவனுதையோ மாத்தி ஒட்டிட்டீங்கோ!"

டாக்டர் சிரித்தார். "உங்க கால்தான். வலியைக் கொண்டு போற நரம்பைக் கொஞ்ச நேரம் தூங்க வச்சிருக்கேன். உணர்ச்சி திரும்புற வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது."

"தூங்குதா? அப்ப மெள்ள பேசு சாமி, முய்ச்சிக்கப் போவுது!"

வாழ்நாளில் முதல் தடவையாக நைனா ரகசியக் குரலில் பேசினார். வார்டே கலங்கிப்போனது. யாராவது தும்மினால் உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்… நரம்பு தூங்கிகினு கீது" என்பார். பார்க்க வந்தவர்களையெல்லாம் காலைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். அவர் மனைவி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, இதே ஊசிய இவரு வாய்க்கும் ஒண்ணு போட்டுடு. வூட்டுக்கு இட்டுகினு போய்டறேன்."

ஊசி ஒவ்வொரு தடவையும் சில மணி நேரம் தாங்கியது. மறுநாள் மத்தியானம் ஊசி போட்டிருந்த வேளையில் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது.

"நம்ம கப்பல் கிளார்க்கு அது! எவன் வின்ச்சுல குந்திகினு கீறான்னு பாக்கறேன்."

"இறங்காதீங்க!" என்று நான் கத்துவதற்குள் இறங்கிவிட்டார். வலி இருந்தால்தானே எச்சரிக்கும்? இரண்டாவது அடியில் அந்தக் கால் ஈரத்துணி போல மடங்கியது. தகடு பெயர்ந்துவிட்டது. மறுபடி ஆபரேஷன்.

பெரிய டாக்டர் வந்து இளம் டாக்டரை எல்லார் முன்னாலும் காய்ச்சி எடுத்தார். "வலி இருந்திருந்தா இவன் எழுந்திருப்பானா? இனிமே இந்த வார்டுல அந்த ஊசி கிடையாது!"

படுத்தபடியே நைனா கும்பிட்டார். "ஐயா, எய்ந்தது நானு. ஊசி இன்னா பண்ணிச்சு? என் கொயுப்புக்கு அத்த ஏன் நிறுத்தறீங்கோ? பக்கத்துல கிளார்க்குக்குக் கூட இனிமேதான் ஆபரேசன்…"

"வாயை மூடிட்டுப் படு."

மூடிக்கொண்டார்.

என் ஆபரேஷன் அந்த நரம்பு ஊசியில்லாமல்தான் முடிந்தது. மயக்கம் தெளிந்தபோது, முழங்காலுக்குக் கீழே யாரோ வேகன்களை மோதவிட்டு விளையாடுவது போல இருந்தது. நைனா சிஸ்டரைக் கெஞ்சித் தன் கட்டிலை என் கட்டிலோடு ஒட்டிப் போடச் செய்தார். கையை நீட்டினார்.

"புட்ச்சிக்கோ கிளார்க்கு. எவ்ளோ நசுக்கினாலும் பரவால்ல."

பிறகு, ரங்கூன் கப்பலில் யானை ஏற்றிய கதையை ஆரம்பித்தார். யானை அந்தரத்தில் தொங்கும்போது நிறுத்தி, "வலிக்குதா?" என்றார்.

"உயிர் போகுது."

"எனக்குந்தான். சரி, யானைய எங்க வுட்டேன்?"

அந்த யானையை அவர் அன்று தரையிறக்கவே இல்லை. கதை சொல்லிக்கொண்டே அழுதார். "என்னாலதானே உனக்கு ஊசி இல்லாம பூட்ச்சு. மன்ச்சிக்கோ கிளார்க்கு."

என் கால் நேராகக் கூடியது. அவருடையது குட்டையாகிவிட்டது. வின்ச்சில் அவரை மறுபடி ஏற்றவில்லை. திருவொற்றியூரில் ஒரு கிடங்குக்குக் காவலாளியானார். இளம் டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த வார்டில் எத்தனை பேர் வலியில் கத்தினார்களோ, அத்தனையும் தன் கணக்கு என்று நைனா நினைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும், மீன் மார்க்கெட்டோ மாதா கோயில் வாசலோ, காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார். "மன்ச்சிக்கோ கிளார்க்கு…" என்று தொடங்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும். மன்னிக்க ஒன்றுமே இல்லை நைனா என்று சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தேன். கடைசிவரை அந்த மனுஷர் என்னைப் பேச விடவே இல்லை.