கிருபாவதிக்கு உதவி வேண்டாம்

கூடாரத்தின் இரண்டாவது முளையும் வளைந்துபோனது. கிருபாவதி அதைப் பிடுங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இதை இரும்பு என்று சொல்லி விற்ற கடைக்காரன், அவள் வீட்டு ஊறுகாய்க் கரண்டியைப் பார்த்தால் கடப்பாரை என்பான்.

"வளைஞ்சுக்கோ. நீ வளைஞ்சா நானும் வளைஞ்சு குடுத்துருவேன்னு நெனப்பா?" என்று முளையிடம் கேட்டாள்.

பவானி ஆற்றை ஒட்டிய அந்தப் பெரிய வனப் பூங்காவில் பதில் சொல்ல வேறு யாரும் பக்கத்தில் இல்லை. மைதானத்தின் மறுகோடியில், மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம், ஒரு நீலக் கூடாரம் மட்டும் பாதி தெரிந்தது. அதில் யார் இருந்தால் அவளுக்கென்ன?

கிருபாவதி லேசுப்பட்டவள் இல்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வராந்தாவில் நடந்து வந்தால் டாக்டர்களே சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவளை ஈரோட்டுச் சொந்த வீட்டைவிட்டுக் கிளப்பிக்கொண்டுபோக மகன் ஜெப்ரியும் மருமகள் டீனாவும் ஒரு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். போன மாதம் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி அவள் விழுந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. விழுந்தது உண்மைதான். ஆனால் கால் உடைந்தது ஸ்டூலுக்கு.

"எங்களோட சரவணம்பட்டிக்கே வந்துருங்க அத்தை. பதினோராவது மாடி. உங்களுக்குன்னே கெழக்கப் பாத்த ரூம் வெச்சிருக்கோமுங்க. நல்லாக் காத்து வரும்" என்றாள் டீனா.

"ஈரோட்டுலயும் காத்து வருது கண்ணு. இங்க அது லிப்டுல ஏறி வர வேண்டியதில்ல."

ஜெப்ரிக்குப் பொறுமை போய்விட்டது. "எதுக்கெடுத்தாலும் ஒரு ஆளோட ஒத்தாசை வேணும் உங்களுக்கு. யாரு ஒத்தாசையும் இல்லாம ஒரே ஒரு ராத்திரி வெளிய எங்காச்சும் தங்கிருவீங்களாம்மா?"

"வெளிய என்ன வெளிய, காட்டுலயே தங்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த கையோடு பேசிய பேச்சு. பின்வாங்க முடியாது. யாரிடமும் எந்த உதவியும் வாங்காமல் ஒரு ராத்திரி காட்டில் கூடாரம் போட்டுப் படுத்துவிட்டால், சரவணம்பட்டி என்ற ஊரின் பெயரையே இனி யாரும் அவளிடம் எடுக்கக் கூடாது. யாரிடமாவது கை நீட்டிவிட்டால், ஈரோட்டு வீட்டுச் சாவி ஜெப்ரியின் கைக்கு.

"சரிம்மா" என்று அவன் உடனே தலையாட்டியதுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஜெப்ரி எதற்கும் உடனே தலையாட்டுகிற பிள்ளை இல்லை. கட்டாயம் யாரையாவது ஏற்பாடு செய்திருப்பான். கூடவே இருந்து பரிந்து பரிந்து உதவி செய்து, விடிந்ததும் "உங்கம்மா வாங்கிக்கிட்டாங்க" என்று சாட்சி சொல்ல ஓர் ஆள்.

அந்த ஆள் யாரென்று பூங்கா வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகாமைப் பார்த்துக்கொள்ளும் லட்சுமணசாமி. வந்தவளிடம் ரசீது கேட்க வேண்டியதுதானே? ஈரோட்டில் மழை உண்டா, வழியில் எங்கே சாப்பிட்டாள், பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஊர்க்கதை எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில்தான் "ரசீது இருந்தாக் காட்டறீங்களாங்க?" என்றார். வெறும் காவலாளுக்கு எதற்கு இவ்வளவு விசாரணை?

"இங்க பாருங்க" என்று கிருபாவதி விரலை ஆட்டிச் சொல்லிவைத்தாள். "நானு நர்சு. பாம்புக்கடியிலிருந்து பிரசவம் வரைக்கும் பாத்தவ. எனக்கு யாரு ஒத்தாசையும் தேவையில்ல."

"ரொம்பச் சந்தோசமுங்க" என்றார் லட்சுமணசாமி. அவர் முகத்தில் நிஜமாகவே சந்தோஷம் தெரிந்தது. நடிப்பில் தேர்ந்த ஆள் என்று அவள் குறித்துக்கொண்டாள்.

இப்போது முளை இறங்கவில்லை. மண் கெட்டி. சரி, மண்ணை இளக்கினால் போயிற்று என்று கொண்டுவந்த குடிதண்ணீர்க் கேனைத் திறந்து ஊற்றினாள். மண் நன்றாக இளகியது. எவ்வளவு இளகியது என்றால், முளையை விட்டதும் அது தானாகவே உள்ளே போய்க் காணாமல் போனது. குடிக்கத் தண்ணீரும் போயிற்று, செருப்பு ஒன்றும் சேற்றில் போயிற்று.

அந்த நேரம் பார்த்து வந்து நின்றார் லட்சுமணசாமி.

"ஏனுங்க அம்மணி, சவுகரியமா இருக்குதுங்களா?"

"ரொம்பச் சவுகரியம்." ஒற்றைச் செருப்போடு அவள் நிமிர்ந்து நின்றாள்.

"டீ கீ குடிச்சீங்களா?"

"ஆச்சு."

"காத்து பலமா அடிக்குதுங்க. அடுப்புப் பத்த வெக்கறதுக்கு, அதானுங்க, இந்தத் தீப்பெட்டி..."

"என்ற அடுப்ப நானே பத்த வெச்சுக்குவேன்! நீங்க போயி உங்க சோலியப் பாருங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். ஒரு சுற்று ஜெயித்த தெம்பில் கிருபாவதி அடுத்த வழியை யோசித்தாள். முளை நிற்காவிட்டால் என்ன, கார் நிற்கிறதே! தன் பழைய சிவப்பு மாருதியைக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தி, கயிறுகளை ஒரு பக்கம் வேப்பமரத்திலும் மறுபக்கம் காரைச் சுற்றி நாலு கதவுப் பிடிகளிலும் இழுத்துக் கட்டினாள். கூடாரம் கம்பீரமாக எழுந்து நின்றது. தள்ளி நின்று பார்த்துத் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

மெச்சி முடித்த பிறகுதான், சோறும் ரொட்டியும் போர்வைகளும் காருக்குள் இருப்பது நினைவு வந்தது. கதவைத் திறந்தால் கூடாரம் விழும். கூடாரம் நிற்க வேண்டுமானால் பட்டினி.

வேறு ஒருத்தியாக இருந்தால் கயிற்றை அவிழ்த்திருப்பாள். கட்டியதை அவிழ்ப்பது கிருபாவதிக்குத் தோற்பது மாதிரி. டிக்கியைத் திறந்து அதன் வழியாகக் காருக்குள் நுழைந்தாள். தலை போனது, தோள் போனது, பின் சீட்டைத் தாண்டி முன் சீட்டில் இருந்த சாப்பாட்டுப் பையை எட்டிப் பிடிக்கும்போது கால் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கத் திமிறியதில் நீட்டிய கை ஹாரனில் போய் விழுந்தது. காடு முழுக்கக் கேட்கிற மாதிரி மாருதி அலறியது. மூங்கிலில் இருந்த கொக்குகள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன.

லட்சுமணசாமி ஓடி வந்தபோது, டிக்கியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏனுங்க அம்மணி, ஹாரன் அடிச்சீங்களா?" என்று அவர் பாதங்களிடம் மரியாதையாகக் கேட்டார்.

"ஆமா. யானைங்க வந்தாத் தள்ளிப் போகட்டும்னு அடிச்சேன்." காருக்குள்ளிருந்து குரல் கணீரென்று வந்தது.

"நல்ல யோசனைங்க." அவர் பாதங்களின் பக்கம் குனிந்தார். "ராத்திரிக்குக் குளுரு சாஸ்தியா இருக்குமுங்க. பெட்சீட்டு ஒண்ணு..."

"எங்கிட்ட நாலு சென்னிமலப் பெட்சீட்டு இருக்குது! உங்க பெட்சீட்டு ஒண்ணும் வேண்டாம்."

"நாலு இருக்குதுங்களா!" அவர் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. "அப்படீன்னா அம்மணி..."

"அப்படீன்னா போயிட்டு வாங்க!"

அவர் போன பிறகு காலை விடுவித்து வெளியே வருவதற்குள் முழங்கை சிராய்ந்து, புடவை ஓர் இடத்தில் கிழிந்துவிட்டது. இருந்தாலும் யார் கையையும் பிடிக்கவில்லை. அதுதான் முக்கியம். தண்ணீர் இல்லாமல் காய்ந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். விக்கியது. விக்கினால் விக்கட்டும். பதினோராம் மாடியில், கிழக்கே பார்த்த அறையில், "அத்தை மாத்திரை போட்டீங்களா?" என்று இன்னொருத்தி கேட்க, "போட்டேன் கண்ணு" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட இந்த விக்கல் அவளுக்கு இனித்தது. தன் வீட்டுக் கதவைத் தானே பூட்டித் தானே திறக்கிற வரைக்கும்தான் அவள் கிருபாவதி. அதற்கப்புறம் வெறும் ஜெப்ரியின் அம்மா.

இருட்டும் நேரத்தில் வேப்பமரத்துக்குப் பின்னால் சருகு அசைந்தது. ஏதோ எட்டிப் பார்த்தது, மறைந்தது, மறுபடி எட்டிப் பார்த்தது. குரங்கு! ரொட்டியை மோப்பம் பிடித்து வந்திருக்கிறது.

"போ!" என்றாள். போகவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். சின்ன வயதில் மாங்காய் அடித்த கை. குறி தப்பவில்லை.

"ம்மா!" என்று ஒரு சத்தம். பிறகு தடதடவென்று எதுவோ ஓடியது.

கிருபாவதிக்கு ஒரு கணம் சங்கடமாகிவிட்டது. குரங்கு "ம்மா" என்று கத்துமா? கன்றுக்குட்டியாக இருந்தால் பாவம். ஆனால் கன்றுக்குட்டிக்கு அவளுடைய ரொட்டிமேல் என்ன கண்? வாங்கிக்கொள்ளட்டும்.

கொஞ்ச நேரத்தில் லட்சுமணசாமி டார்ச்சு விளக்கோடு மூச்சிரைக்க வந்தார். அந்த அவசரத்திலும் மனிதர் முறை தவறவில்லை.

"ஏனுங்க அம்மணி, சாப்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"உடம்புக்கு ஒண்ணும் சிரமமில்லீங்களே?"

"ஒரு சிரமமும் இல்ல."

"இல்லீங்க, நர்சுன்னு சொன்னீங்கல்ல, அதானுங்க, பஞ்சு, மருந்து..."

கிருபாவதிக்குப் பொறுத்தது போதும் என்றாகிவிட்டது. முழங்கைச் சிராய்ப்புகூட இவருக்கு எப்படித் தெரிந்தது? எங்கே ஒளிந்து நின்று பார்த்தார்?

"மருந்துப் பெட்டி எங்கிட்டயே இருக்குது! எனக்கு யாரும் கட்டுப் போட வேண்டாம். நேராச் சரவணம்பட்டிக்குப் போயிச் சொல்லுங்க, கிருபாவதி ஒண்ணும் வாங்கிக்கலைன்னு!"

லட்சுமணசாமி வாயைப் பிளந்தார். "சரவணம்பட்டின்னு உங்களுக்கு எப்புடிங்க தெரியும்?"

"மாட்டிக்கிட்டீங்களா!" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

ராத்திரி காற்றில் கூடாரம் அவள்மேலேயே விழுந்தது. அதை ஐந்தாவது போர்வையாக வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினாள்.

விடிந்ததும் வெளியே ஊர்ந்து வந்து, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, விழுந்து கிடந்த கூடாரத்தின்மேல் ஒரு காலை வைத்துப் படம் எடுத்து ஜெப்ரிக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. தோற்றவனுக்கு என்ன பதில் இருக்கும்?

லட்சுமணசாமியின் மனைவி மாரியாத்தாள் தூக்குப்போசியில் டீ கொண்டுவந்தாள். விடிந்துவிட்டது, பந்தயம் முடிந்தது, இனிக் குடிக்கலாம். தாகத்தில் முதல் டம்ளர் ஒரே மடக்கில் இறங்கியது. இரண்டாவதை ஊற்றும்போது கிருபாவதி வெற்றிக் களிப்போடு கேட்டாள்.

"இப்பவாவது உண்மையச் சொல்லுங்க அம்மணி. ஒத்தாசை பண்றேன் ஒத்தாசை பண்றேன்னு உங்க ஊட்டுக்காரரு எத்தன வாட்டி வந்தாரு! யாரு அனுப்பிச்சாங்க?"

மாரியாத்தாள் டீ ஊற்றுவதை நிறுத்தினாள். "ஒத்தாசை பண்ணவா? இல்லீங்க அம்மணி, அவரு உங்ககிட்ட ஒத்தாசை கேக்கறதுக்குத்தானுங்க வந்தாரு! நீங்கதான் கேக்கவே உடலைன்னாரு."

"எங்கிட்டயா? யாருக்கு?"

"அந்த நீல டென்ட்டுல சரவணம்பட்டியிலிருந்து வந்தாங்கல்லீங்க, ஒரு தம்பியும் அவரு சம்சாரமும், அவங்களுக்குத்தானுங்க. தீப்பெட்டிய மறந்துபோட்டாங்க, போர்வைய மறந்துபோட்டாங்க, கடைசீல மரத்துக்குப் பின்னால நின்ன தம்பிய ஏதோ கொரங்கு கல்லெடுத்து நெத்தியிலயே அடிச்சுபோட்டுதாமுங்க. டென்ட்டே வேண்டாம்னு ஓடியாந்து எங்க ஊட்டுக் கட்டில்ல படுத்தவரு, விடிய விடிய ஒரே மொனகலுங்க, 'அம்மா, அம்மா'ன்னு."