ராகு காலமும் ஓர் ஈஜிஆர் வால்வும்

பாலிடெக்னிக்கில் டீசல் இன்ஜின் பற்றி மூன்று வருடம் பாடம் நடத்தியவன் நான். ஆனால் கல்யாணம் நிச்சயமாகும்வரை ஒரு டீசல் இன்ஜினின் கிளாம்பைக்கூடக் கழற்றியதில்லை. (கரும்பலகையில் நான் வரைந்த இன்ஜின்கள் எல்லாம் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். அந்தத் திமிர்தான்.)

வருங்கால மாமனாருக்குத் திருவண்ணாமலையில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம். அவரிடம் ஒரு டீசல் ஜீப் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, முகூர்த்தப் புடவை எடுக்க நான் உட்பட எல்லோரும் அதில் ஆரணிக்குப் போவதாக ஏற்பாடு. ஜீப்போ இரண்டு நாளாகக் கரும்புகை கக்கியது. மெக்கானிக் பாய்க்கு ஆள் அனுப்பப் போனவரை நான் தடுத்தேன்.

"ஈஜிஆர் வால்வுல கரி அடைச்சிருக்கும் மாமா. ரப்பர் ஹோஸும் ரெண்டு வெடிச்சிருக்கு. காலைல வந்து நானே மாத்திடறேன்."

"அது இன்னா வால்வு மாப்ள?"

"இன்ஜின் வுடற பொகையில கொஞ்சத்த திருப்பி இன்ஜினுக்கே அனுப்பும்."

"வுட்ட பொகையவே திரும்பத் துன்னுதா? ச்சீ, எச்சில்!" என்று முகம் சுளித்தார். இருந்தாலும் படித்த மாப்பிள்ளை ஆயிற்றே என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

காலை எட்டு மணிக்கு வெள்ளைச் சட்டையோடு வேலையில் இறங்கினேன். (நான் கட்டிக்கொள்ளப்போகும் கோமதி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள் அல்லவா?) கழற்றிய வால்வு, விறகடுப்புச் சட்டியின் அடிபோல இருந்தது. சுரண்டும்போது கரி இன்ஜினுக்குள் விழக்கூடாது, திறந்திருக்கும் காற்றுக் குழாயின் வாயைத் துணியால் அடைக்க வேண்டும். இது நானே நடத்திய பாடம். கொடியிலிருந்து கைக்கு வந்த நீலத் துணி ஒன்றை இழுத்து அடைத்தேன்.

சற்று நேரத்தில் வீட்டுக்குள் ஒரே ரகளை. தையல்காரரிடம் கொடுப்பதற்காகத் துவைத்துப் போட்டிருந்த கோமதியின் அளவு ஜாக்கெட்டைக் காணவில்லை. நான் வால்வைச் சுரண்டியபடியே, "கொரங்கு தூக்கிட்டுப் போயிருக்கும் அத்தை" என்று யோசனை சொன்னேன். குரங்குகள் மலிந்த எங்கள் ஊரில் அதை நம்பாதவர் கிடையாது. என் மச்சான் கம்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினான்.

அதற்குள் அத்தை வாசலுக்கு வந்தார். "பத்தரைக்கு ராகு காலம் மாப்ள! இன்னும் அர மணி நேரந்தான் கீது!"

வால்வை மாட்டினேன். புது ஹோஸ்களைச் செருகினேன். கிளாம்புகளை முறுக்கினேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பட்டுப்புடவைகள் சரசரக்க ஒன்பது பேர் ஏறி அமர்ந்தார்கள். சாவியைத் திருகினேன். கர்... கர்... கர்... அவ்வளவுதான்.

பத்து இருபத்தைந்து. கோமதியின் தாய்மாமன் ஜீப்பிலிருந்து தலையை நீட்டினார். "தள்ளுங்கப்பா! கேட்டத் தாண்டிட்டா கெளம்பின கணக்குதான்!"

நானும் மாமாவும் தள்ள, எலுமிச்சை நசுங்க, ஜீப் தெரு நடுவே வந்து நின்றது. கிளம்பியது கிளம்பியதுதானே? யாரும் இறங்கி வீட்டுக்குள் போகக்கூடாது என்று அத்தை அறிவித்துவிட்டார். ஒன்பது பேரும் அந்த வெயிலில் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஜீப்பின் ஜன்னல் வழியாக மோர் கொடுத்தார். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று, "தள்ளணுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் பானெட்டுக்குள் தலையை விட்டு, புரிந்தவன்போல முனகிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மாமா ஆள் அனுப்பி மெக்கானிக் பாய் வந்தார். ஒரு ஹோஸைக் கழற்றினார். இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. கையில் தூக்கிப் பிடித்து உதறினார்.

"யாருதும்மா இது?"

மொட்டை மாடியிலிருந்து மச்சான் கத்தினான்: "கெடச்சிடுச்சா? எந்தக் கொரங்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தாய்மாமன் தொண்டையைச் செருமினார். "முகூர்த்தப் பொடவை எடுக்கப் போற நாள்ல பொண்ணு துணி கரியாயிடுச்சி. சகுனம் சரியில்ல மாமா. இந்தச் சம்பந்தத்த யோசிங்க."

மாமா யோசிக்கத் தொடங்கிவிட்டார். கோமதியை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, அழுதே இருப்பேன்.

"துணி அடச்சது கரெக்டுதாங்க," என்றார் பாய். "எடுக்கத்தான் மறந்துட்டாரு."

அப்போதுதான் ஜீப்பின் பின்சீட்டிலிருந்து கோமதியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "மறதி ஜாஸ்தின்னா நல்லதுதாம்பா. சண்ட போட்டாலும் மறுநாளே மறந்துடுவாருல்ல?"

மாமாவால் அடக்க முடியவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் அத்தை, தாய்மாமன், மோர்க்காரர் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பாய் ஹோஸை மாட்டிச் சாவியைத் திருக, ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. ஆரணிவரை துளிப் புகை இல்லை. (வால்வை நான் சுத்தம் செய்த அழகு அப்படி. அதை யாரும் சொல்வதில்லை.)

கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன. நான் எல்லாச் சண்டையையும் மறந்துவிட்டேன். கோமதி ஒன்றைக்கூட மறக்கவில்லை. விசேஷ வீடுகளில் பாய் துணியை இழுத்ததை அவள் நடித்துக் காட்டாமல் பந்தி முடியாது. இன்றும் எந்த வண்டியின் பானெட்டை நான் திறந்தாலும், அத்தை உள்ளிருந்தே குரல் கொடுப்பார்: "கொடியில போட்டத எண்ணுங்கடி!" எண்ணிக்கை சரி என்று கோமதி சொன்ன பிறகுதான் ஸ்பேனர் என் கைக்கு வரும்.