கேசரியோடு வந்த நற்செய்தி

கேசரி என்ற வார்த்தை காதில் விழுந்தபோதே தேவநேசன் சுதாரித்திருக்க வேண்டும்.

நற்செய்தி சொல்ல வீடு வீடாகப் போகிறவர்களுக்குத் தலத்தெருவில் யாரும் கேசரி கிண்டுவதில்லை. "இப்ப வேலையா இருக்கோம்" என்று கதவைச் சாத்துவார்கள். நல்ல மனசுக்காரர்கள் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சாத்துவார்கள்.

அதுவும் அவன் தனியாக வந்தது இதுதான் முதல் தடவை. எப்போதும் பேசுகிற பாஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்றாக வந்த குரலில் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அறிவிக்கிறதுன்னா வாதாடுறது இல்லப்பா. புத்தி சொல்றதும் இல்ல. வந்த சேதியக் கொண்டுபோய் ஒப்படைக்கணும், அவ்வளவுதான். கேட்டாப் பதில் சொல்லு. வேதத்துல இல்லாதத ஒரு வார்த்தை சொல்லாத."

நாலு பேர் பார்த்தாலே தேவநேசனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனப்பாடம் செய்து வந்த ஒரே வரியை வாசலில் ஒப்பித்தான். "உங்க வீட்டுக்கு ஒரு நற்செய்தி கொண்டு வந்திருக்கேன்."

கதவைத் திறந்த பெண் அவனையும் அவன் தோள்பையையும் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அப்பா! நல்ல சேதி வந்திருக்காம்! உக்கார வைங்க, நான் கேசரி கிண்டுறேன்."

வீட்டுக்காரர் பூமிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டபடி ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி குஞ்சம்மாள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தார்கள். அப்படியும் தேவநேசனுக்கு வேர்த்தது.

"சொல்லுங்க தம்பி. அவரு என்ன சொல்லி அனுப்பிச்சாரு?"

இப்படி ஆவலாகக் கேட்பார்கள் என்று பாஸ்டர் சொல்லவே இல்லையே! "அவர் உங்க எல்லாரையும் நேசிக்கிறாருங்க. இருக்கிறபடியே ஏத்துக்கிறாரு."

"தாயே மாரியம்மா!" என்று குஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுப்படியிலிருந்து கரண்டிச் சத்தம் வந்தது. நடுநடுவே போன் 'டிங்' என்றது. கூடவே அந்தப் பெண்ணின் குரலும் வந்தது. "நாம என்ன குடுக்கணும்னு கேளுங்கப்பா."

"ஒண்ணும் குடுக்க வேணாங்க. இலவசம்."

பூமிநாதன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஒண்ணுமே வேணாமா? காரு?"

காணிக்கைக்குப் பயப்படுகிறார் என்று தேவநேசன் நினைத்தான். "காரெல்லாம் எதுக்குங்க? உள்ளத்தக் குடுத்தாப் போதும்."

"கேட்டியா குஞ்சு! வாய்க்காலோரத்து நெலம் தப்பிச்சுதுடி! தம்பி, அவரு எப்ப வர்றாரு?"

"அந்த நாள் யாருக்கும் தெரியாதுங்க. அவரோட அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்."

"அதான பாத்தேன்! தெட்சிணாமூர்த்தியக் கேக்காம அந்த வீட்டுல ஈ பறக்குமா?"

தேவநேசன் வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்தான். தெட்சிணாமூர்த்தி எங்கும் இல்லை.

"அது... யாருங்க?"

"என்ன தம்பி வெளையாடுறீங்க? குரும்பகரத்துச் சம்பந்திதான்! எங்க பொண்ணு தமிழ்மொழியப் பாத்துட்டுப் போயி, காரு குடுத்தாத்தான் மேக்கொண்டு பேச்சு, நல்ல சேதி சொல்லி அனுப்புறோம்னாரு. ஒரு வாரமா எங்களுக்குத் தூக்கம் இல்ல."

தேவநேசனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குள் காலை விட்டிருக்கிறான். எடுத்தால் உடையும், எடுக்காவிட்டாலும் உடையும். ஆண்டவரே, ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே!

"ஐயா, நீங்க நெனைக்கிற ஆள் நான் இல்லங்க. இதப் பாருங்க, புரியும்." பையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து நீட்டினான்.

பூமிநாதனுக்குக் கண்ணாடி இல்லாமல் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும். சத்தமாகப் படித்தார். "மணவாளன் வருகிறார், ஆயத்தமாகுங்கள்."

பிரசுரத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"அடியே குஞ்சு! பத்திரிகையே அடிச்சிட்டாங்கடி!"

குஞ்சம்மாள் பிரசுரத்தை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவ ஆரம்பித்தாள்.

"அம்மா, வேணாம்மா! நான் குரும்பகரத்துலேருந்து வரலம்மா. நான் சொன்ன மணவாளன் வேற!"

மஞ்சள் விரல் அப்படியே நின்றது. "வேறயா? நம்ம பொண்ணுக்கு ரெண்டாவது எடமும் வந்திருக்கா?"

"ஐயோ, அவரு எல்லாருக்கும் மணவாளன்ம்மா!"

"எல்லாருக்குமா!" பூமிநாதன் நெஞ்சில் கை வைத்தார்.

அப்போதுதான் தமிழ்மொழி கேசரித் தட்டோடு வந்தாள். முகத்தில் சலனமே இல்லை. "எதுக்குப்பா குழப்பம்? குரும்பகரத்துக்கே போன் போட்டுக் கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

தேவநேசன் தடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

"சம்பந்தி! கார் வேணாம்னு சொல்லி அனுப்பிச்சீங்களாமே, உங்களுக்குக் கோயிலே கட்டலாம்!"

"எவன் சொன்னான்?" ஸ்பீக்கர் அதிர்ந்தது. "நான் யாரையும் அனுப்பல! எவனய்யா அந்தத் திருட்டுப் பய?"

பூமிநாதனின் முகம் கறுத்தது. மெல்லத் திரும்பித் தேவநேசனைப் பார்த்தார். படபடப்பில் தேவநேசன் வாயில் போட்டிருந்த கேசரி உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. ஓடலாமென்றால் செருப்பு வாசலில் கிடக்கிறது.

போனில் ஏதோ தள்ளுமுள்ளு. பிறகு ஒரு இளைஞனின் குரல், கொஞ்சம் நடுங்கியபடி வந்தது.

"மாமா, நான் கலைவாணன் பேசுறேன். அவர அனுப்பிச்சது நான்தான். காரு வேணாம், நகை வேணாம், எதுவும் வேணாம். அப்பா மொகத்தப் பாத்துச் சொல்ல இத்தன நாளா தைரியம் வரல."

"டேய்..." என்று தெட்சிணாமூர்த்தி கத்த, போன் அணைந்தது.

பூமிநாதன் தேவநேசனைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். கேசரி உள்ளே இறங்கியது. முன்பின் பார்த்திராத ஒருவன் எதற்காக இப்படிச் சொல்லவேண்டும்? தன்னை அனுப்பியது யார் என்பதே இப்போது தேவநேசனுக்குச் சந்தேகமாகிவிட்டது.

விட்டால் போதும் என்று செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினான். பின்னாலேயே தமிழ்மொழி அவன் மறந்துவிட்டு வந்த தோள்பையோடு வந்தாள்.

"தங்கச்சி, சத்தியமா நான் சர்ச்லேருந்துதான்மா வந்தேன்."

அவள் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பத்து வருசம் கான்வென்ட்ல படிச்சவ நான், அது தெரியாதாண்ணே? அவருக்கு மெசேஜ் போட்டுத் தைரியம் சொல்ல நேரம் வேணும்ல, அதுக்குத்தான் கேசரி கிண்டினேன்!"