குன்றத்தூர் பஸ்ஸின் குரூப் சார்

உலகத்தில் எங்கே இரண்டு பேர் முறைத்துக்கொண்டாலும் அதற்கு ஓர் ஆய்வுக் கட்டுரை கைவசம் வைத்திருப்பவர் குரூப் சார். ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையின் தரப் பரிசோதகர். மனிதர்கள் ஏன் குரூப் குரூப்பாகப் பிரிந்து வெறுத்துக்கொள்கிறார்கள் என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தார்; அதனால்தான் அந்தப் பெயர். ஆராய்ச்சிக்கூடம், நாங்கள் போகும் குன்றத்தூர் கம்பெனி பஸ்.

அங்கே வெறுப்புக்குப் பஞ்சமில்லை. உள்ளூர்க்காரர்கள் சாப்பாட்டுப் பையைப் போட்டு முன் சீட்டைப் பிடிப்பார்கள். திருநெல்வேலிப் பையன்கள் அதைத் தூக்கிப் பின்னால் வைப்பார்கள். ஒருநாள் பஸ் முழுக்க சாம்பார் ஓடியது. இன்னொரு தகராறு வந்தால் பஸ்ஸே கிடையாது என்று கம்பெனியின் போக்குவரத்து அதிகாரி சொல்லிவிட்டார். விடியற்காலை ஷிப்டுக்கு வேறு வண்டி இல்லை. பஸ் போனால் வேலையும் போகும்.

குரூப் சாருக்கோ கொண்டாட்டம். பக்கத்தில் உட்கார்ந்தால் பகை தீரும் என்கிறதாம் பழைய ஆராய்ச்சி. சீட்டுக் குலுக்கி ஆளை மாற்றி உட்காரவைத்தார். வண்டி கிளம்பியதும் இரண்டு கட்சியும் தூங்கிவிட்டது. அடுத்த வாரம், அதெல்லாம் பழைய போக்கு, எதிராளியோடு பேசுவதாகக் கற்பனை செய்தாலே போதும், கண்ணை மூடுங்கள் என்றார். மூடினோம். ஒரகடத்தில்தான் திறந்தோம்.

பிறகு ஒரு கேள்வித்தாள். 'பக்கத்துச் சீட்டுக்காரரை நம்புகிறீர்களா?' என்பதுபோல் இருபது கேள்விகள். மெஷினைத் தொடுமுன் செக் ஷீட்டில் வரிசையாக டிக் அடித்தே பழகிய கைகள் எங்களுடையவை. படிக்காமலே இருபதுக்கும் டிக் அடித்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தோம்.

"நாலு வருஷ உழைப்புய்யா" என்று தலையில் அடித்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. சிரிப்பும் வந்தது.

மறுநாளே மறுபடி பைச் சண்டை. தொழிற்சாலை வாசலில் அதிகாரியே பஸ்ஸில் ஏறி, இன்றோடு சரி என்றார். குரூப் சார் அந்த உதவாத தாள்களை எடுத்து நீட்டினார். கையெழுத்துப் போட்ட செக் ஷீட் எங்கள் கம்பெனியில் வேதவாக்கு. அதிகாரி புரட்டிப் பார்த்தார். எல்லாம் டிக். இது உண்மையா என்று எங்களைக் கேட்டார்.

முன் சீட்டு மூர்த்தி எழுந்தான். "என் கையெழுத்துதான் சார் அது. எங்களுக்குள்ள இன்னா சண்டை கீது?"

அவன் பையைச் சற்றுமுன் தூக்கி எறிந்த திருநெல்வேலிச் சுடலையும் எழுந்தான். "ஆமா சார். அண்ணன் பைய நாந்தான் தெனமும் மடியில வச்சுக்கிட்டு வாரேன்." சொன்ன சொல்லுக்காக அங்கேயே பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

பஸ் பிழைத்தது. அதிகாரி இறங்கியதும் எழுந்த விசில் வல்லம் வடகால் வரைக்கும் கேட்டிருக்கும். குரூப் சார் மட்டும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பொது எதிரி வந்தா ஒண்ணாயிடுவாங்கன்றது ரொம்பப் பழைய ஆராய்ச்சிய்யா. எனக்குத் தோணவே இல்ல பாரு."

பட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் அவர் வரத் தாமதமானால், இரண்டு கட்சியும் சேர்ந்து டிரைவரைக் கிளம்ப விடுவதில்லை. அவரை விட்டுவிட்டுப் போக எங்கள் யாருக்கும் மனசு வராது.