விபூதி சுரந்த மலைப்பாம்பு

ஜெர்மனியின் நொய்கெல்ன் பகுதியில் ஒரு மலைப்பாம்பு விபூதி சுரக்கிறதாம்! கேட்டபின் நம் சனம் வீட்டில் இருக்குமா? மூன்றாம் மாடியில் ஒரு சுவாமியின் வீடுவரை படியெல்லாம் சப்பாத்துகள். கீழ்வீட்டு ஜெர்மன்காரர் தன் சோடியைத் தேடிக் களைத்து, யாருடையதையோ மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

பாம்பு, அந்தச் சுவாமியினுடையது அல்ல. பக்கத்து வீட்டுக் கிருசாந்தி ஊருக்குப் போகும்போது, "முருகேசு அண்ணை, ராசாத்தியைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" என்று கண்ணாடிப் பெட்டியோடு விட்டுவிட்டுப் போன செல்லம் அது. முருகேசு நன்றாகவே பார்த்துக்கொண்டார். செதிலில் வெள்ளைத் தூளைக் கண்டதும் நாகமுருகேசு சுவாமி ஆகிவிட்டார். நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு. வாசலில் உண்டியல்.

பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தது. "தீர்த்தமாடுறா" என்றார் சுவாமி. எலியைத் தொடவில்லை. "விரதம்." உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. "உங்கட கண்ணூறு எல்லாத்தையும் தான் வாங்கிக்கொள்ளுறா." அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கூட்டத்தில் ஒருவரிடமும் கேள்விதான் இல்லை. கமலநாயகி அக்கா முழங்கால் வலிக்கு அந்தத் தூளைப் பாலில் கலந்தே குடித்தார்.

கிருசாந்தி திரும்பி வந்தாள். மிருக வைத்தியரிடம் வேலை பழகுகிறவள். பாம்பைக் கையில் எடுத்தாள். அது கயிறு மாதிரித் தொங்கியது. செதிலை விலக்கிப் பார்த்தாள்.

"அண்ணை, இது உண்ணி. ரத்தம் குடிக்குது. இப்பிடியே விட்டால் செத்துப்போவா. நான் கொண்டு போறன்."

"தொடாதை பிள்ளை! தெய்வக் குற்றம்!"

"ஓம், ஓம்" என்று கூட்டம் வாசலை மறித்தது.

"சரி. ஒரு வெள்ளைத் தாள் மட்டும் தாங்கோ."

சமையலறைத் தாளை நனைத்து, பாம்பைத் தலையிலிருந்து வால்வரை துடைத்து, கூட்டத்தின் முன் விரித்தாள். கறுப்புப் புள்ளிகள் நடந்தன. கண்ணூறுக்குக் கால் உண்டு என்று நம் புராணங்கள் எழுத மறந்துவிட்டன போலும்! ஒன்றை நகத்தால் நசுக்கினாள். சிவந்தது.

"இது ராசாத்தியின்ரை ரத்தம். நீங்கள் பூசுற வெள்ளைத் தூள், உண்ணியின்ரை பீ."

கமலநாயகி அக்கா வாயைப் பொத்தினார்.

"பொய்! மகா பிரசாதம்!" என்றார் சுவாமி.

"அப்ப ஒரு சிட்டிகை வாயிலை போடுங்கோ அண்ணை. நான் பாம்பை விட்டிட்டுப் போறன்."

"இண்டைக்கு... நானும் விரதம்."

"நெத்தியிலை பூசுங்கோவன்."

சுவாமி பின்வாங்கினார். அப்போதுதான் எல்லோரும் அந்த நெற்றியைப் பார்த்தார்கள். சந்தனம் மட்டும்.

"ஏன் தம்பி, நீர் ஒருநாளும் பூசேல்லையே?" என்றார் கமலநாயகி அக்கா.

"அது... அந்தக் கறுப்புப் புள்ளி என்ரை கட்டிலுக்கும் வந்திட்டுது அக்கா. என்னெண்டு கூகிளிலை தேடிப் பாத்தனான்."

கூட்டம் சப்பாத்தைத் தேடி ஓடியது. கிருசாந்தி பெட்டியிலிருந்த மரப்பட்டையெல்லாம் குப்பையில் கொட்டினாள். பெட்டியைச் சுடுநீரில் கழுவி, வெறும் தாள் விரித்தாள். வைத்தியர் மருந்து கொடுத்தார். மிஞ்சிய உண்ணி முட்டைகள் பொரிக்கும் என்பதால் மறுபடியும் கழுவினாள், மறுபடியும் மருந்து. ஒருநாள் ராசாத்தி எலியை விழுங்கினாள். கிருசாந்தி சந்தோசத்தில் அழுதேவிட்டாள்.

விபூதியும் நின்றுபோனது. "அந்தப் பெட்டை கழுவித்தான் சக்தி போயிட்டுது" என்று இன்றும் சிலர் அவளைத் திட்டுகிறார்கள். பாம்பின் உண்ணிக்கு மருந்து இருக்கிறது; இவர்களுக்கு எந்த வைத்தியரிடம் போவது? ஐயா, அம்மா, அடுத்த சுவாமி தூளை நீட்டும்போது உங்கள் நெற்றியை நீட்டாதீர்கள். முதலில் அவர் நெற்றியைப் பாருங்கள்!