கல்லறைக்குள்ளே ஆள் இருக்கு!

கிறிஸ்துவின் கல்லறையை எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் இரண்டாயிரம் ஆண்டுகளாக “உள்ளே ஆள் இல்லை” என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். “ஐயோ, ஆள் இருக்கு!” என்று கத்திக்கொண்டு ஓடிய ஒரே சாட்சி நான்தான். அதுவும் நெற்றியில் திருநீற்றோடு. ஓடும்போது வேட்டி வேலியில் சிக்கியது. அதைப் பற்றி இங்கே விரிவாக எழுதுவதாக இல்லை.

இந்த அவமானத்துக்குக் காரணம் அல்லேலூயா அண்ணை. துக்கத்துக்கு அவரைப்போல ஒரு விரோதி குடாநாட்டிலேயே கிடையாது. குருநகர்க் கரையிலிருந்து போரால் இடம்பெயர்ந்து வந்து, உடுவிலில் எங்கள் வீடுகள் இருந்த சிறு ஒழுங்கையின் முகப்பில் சைக்கிள் திருத்தக் கொட்டில் போட்டிருந்தார். செபமாலை சொன்னால், உயிர்த்தெழுதலைச் சொல்லும் மகிமைத் தேவ இரகசியங்கள் மட்டும்தான். பெரிய வெள்ளியன்று காய்ச்சல் என்று படுத்துவிடுவார். ஞாயிறு விடியக் காய்ச்சல் பறந்துவிடும்.

பஞ்சரான சைக்கிளை எந்த நாள் கொண்டுபோனாலும் ஒரே பதில்: “மூண்டாம் நாள் வாங்கோ.”

“பத்து நிமிச வேலை, அண்ணை!”

“ஆண்டவருக்கே மூண்டு நாள் எடுத்தது, மாஸ்ரர். உங்கடை ரியூப் என்ன, அவரிலும் பெரிசோ?”

பெற்றோல் கண்ணில் படாத அந்த ஆண்டுகளில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. ஆகவே இறையியல் விவாதத்துக்கு இடமில்லை.

வெளிநாட்டில் படித்துவந்த ஒரு பங்குச் சுவாமி அவரிடம் புதினமான செய்தி ஒன்றைச் சொல்லிவிட்டார். சிலுவைப் பாதைக்கு இருப்பதுபோல, உயிர்த்த பிறகு நடந்தவற்றைத் தியானிக்கவும் பதினான்கு நிலைகள் உண்டாம். பெயர் ஒளியின் பாதை. அண்ணைக்கு நித்திரை போய்விட்டது. ஒழுங்கையில் கத்தோலிக்கர் அவரும் மனைவியும் மட்டுமே. ஆகவே சைவர்களைப் பிடித்தார்.

“நான் திருநீறு பூசுறவன், அண்ணை.”

“பூசிக்கொண்டே வாங்கோ. உங்கடை சைக்கிளும் என்னட்டைத்தானே கிடக்குது.” பிறகு காற்றடிக்கும் பம்மைக் கீழே வைத்தார். “என்ரை பெடியன் கடலுக்குப் போனவன், மாஸ்ரர். வள்ளம் வந்தது, அவன் வரேல்லை. அவனுக்குக் கல்லறையும் இல்லை. ஒருக்காலெண்டாலும் உந்தப் பாதையைக் கடைசி நிலைமட்டும் ஆக்களோடை சொல்லிப் பாக்கவேணும்.”

“பின்னேரம் வாறன், அண்ணை,” என்றேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வீடு வாசல் படலையில் ஜாம் போத்தல் விளக்கு வைத்தார். பக்கத்து வீட்டு ஓவசியர் குண்டுவீச்சுக்குப் பதுங்க வெட்டிய பங்கர்தான் கல்லறை. இரண்டாம் நிலையில் நான் சீடனாக ஓடிப்போய் எட்டிப் பார்த்து “ஆள் இல்லை” என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் என் பங்கு. எட்டிப் பார்த்தேன். இருட்டுக்குள்ளே வெள்ளைத் துணி போர்த்த ஓர் உருவம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மிச்சம் மேலே சொன்னதுதான்.

உருவம், ஓவசியர். தூரத்தில் ஆமி ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டதும், எங்களுக்கு ஒரு சொல் சொல்லாமல், போர்வையோடு இறங்கியிருக்கிறார். “கத்துறதை விட்டிட்டு உள்ளுக்கை வாரும்!” என்று என்னை அதட்டினார். அப்போதுதான் எங்களுக்கும் கேட்டது. விளக்குகளை ஊதி அணைத்துவிட்டு, ஒளியின் பாதை முழுவதும் கல்லறைக்குள் இறங்கியது.

ஹெலி தலைக்குமேல் சுற்றியது. எல்லோரும் தலையைக் குனிந்து ஒடுங்கினோம். அண்ணை மட்டும் இரண்டாம் நிலையிலிருந்து ஆறாம் நிலைக்குத் தாவினார். “பயத்திலை கதவைப் பூட்டிக்கொண்டிருந்த சீடருக்கு நடுவிலை ஆண்டவர் வந்து நிண்டார். ‘உங்களுக்குச் சமாதானம்’ எண்டார்.”

“அதை மேலை சுத்துறவனுக்குச் சொல்லும்,” என்றார் ஓவசியர்.

சத்தம் ஒருவாறு தேய்ந்தது. சனம் எழும்பியது. “பரவாயில்லை, மிச்சத்தை வாற வருசம் பாப்பம்,” என்றார் அண்ணை. குரல் இறங்கியிருந்தது.

ஓவசியர் வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்தார். “வாற வருசம் ஆர் இருக்கிறமோ, ஆர் இல்லையோ! எல்லாரும் இருங்கோ. நீர் மிச்சத்தைச் சொல்லி முடியும், காணும்.”

இருந்தோம். விட்ட நிலைகளையும் சேர்த்து, பதினான்காம் நிலைவரை ஒருவரும் எழும்பவில்லை. கடைசியில் அண்ணை மகனின் பெயரைச் சொன்னார். பிறகு “அல்லேலூயா” என்றார். திருநீறு பூசிய அத்தனை பேரும் திருப்பிச் சொன்னோம், ஆளுக்கொரு இராகத்தில்.

மறுநாள் விடிய என் படலையில் சைக்கிள் நின்றது. காற்று இறுக்கமாக. சங்கிலிக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தது. நெஞ்சு நெகிழ்ந்து கொட்டிலுக்குப் போனேன்.

“மூண்டு நாள் ஆகேல்லையே, அண்ணை?”

அவர் தலை நிமிரவில்லை. “நேற்று நீங்கள் கத்தின கத்தலிலை அது தானாவே எழும்பிட்டுது, மாஸ்ரர்.”