எட்டு நாற்பது வண்டியில் ஒரு தூக்கம்

கைத்தடியோடு ஒரு பெரியவர் ரயில் பெட்டிக்குள் காலெடுத்து வைத்ததைப் பார்த்த அடுத்த நொடி பூ மாஸ்டர் தூங்கிப்போனார்.

அதாவது, கண்ணை மூடிக்கொண்டார். மற்றபடி அவர் உடம்பில் ஒரு மயிர்க்கால்கூடத் தூங்கவில்லை. மடியில் இருந்த அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். அதற்குள் ஒரு கேக் இருந்தது. அவருடைய குடும்ப நிம்மதியும் அதற்குள்தான் இருந்தது.

பூ மாஸ்டர் என்பது பேக்கரியில் வைத்த பெயர். கேக்கின் மேல் கிரீமில் பூப்போடுவது அவர் வேலை. ஊரில் பாதிப் பேரின் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் அவர் பூப்போட்டிருக்கிறார். வீட்டுக்கு மட்டும் போட்டதில்லை. "பதினாறு வருஷமா ஊருக்கெல்லாம் பூப்போடுறீங்க. எனக்குன்னு ஒரு இலையாவது போட்டிருக்கீங்களா?" என்று மனைவி மாதம் ஒருமுறையாவது கேட்பாள். நாளெல்லாம் கிரீமோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வீட்டில் கிரீமைக் கண்டாலே குமட்டும் என்பதை எந்த மனைவியிடம் சொல்லிப் புரியவைப்பது?

மனைவிக்கு நூலகத்தில் வேலை. அங்கே தலைமை நூலகர் அம்மா இன்றைக்கு ஓய்வு பெறுகிறார். பதினொரு மணிக்கு விழா. "கேக் எங்க வீட்டுக்காரர் கையால வருது" என்று மனைவி ஒரு மாதமாக எல்லாரிடமும் சொல்லிவைத்துவிட்டாள். வேண்டாவெறுப்பாகத்தான் பூ மாஸ்டர் ஆரம்பித்தார். ஆனால் கை வைத்த பிறகு தன்னையே மறந்துபோனார். திறந்து வைத்த புத்தகம் மாதிரி ஒரு கேக். இரண்டு பக்கத்திலும் வரிக்கு வரி சின்னச் சின்ன ரோஜா. இதைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க அவருக்கே ஆசை வந்துவிட்டது.

டாக்ஸியில் கொண்டுபோனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு ரோஜா உதிரும். ரயில்தான் சரி. ஆனால் காலை வண்டியில் உட்கார இடம் வேண்டுமே. அதற்குத் தினமும் ரயிலில் போகிறவர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. போகவேண்டிய திசைக்கு நேர் எதிராக நாலு ஸ்டேஷன் போய், வண்டி புறப்படுகிற இடத்திலேயே ஏறி உட்கார்ந்துவிடுவது. பூ மாஸ்டரும் அப்படியே போய், கதவோரம் கடைசி இடத்தைப் பிடித்திருந்தார். ஒரு பக்கம் இரும்புக் கம்பி, மறுபக்கம் ஒரே ஒரு ஆள். இதைவிடப் பாதுகாப்பான இடம் அந்தப் பெட்டியில் கிடையாது.

அப்போதுதான் பெரியவர் ஏறினார்.

எழுந்து இடம் கொடுத்தால் கேக்கோடு கூட்டத்தில் நிற்க வேண்டும். "கேக் இருக்குங்க" என்று சொன்னால், "கொடுங்க சார், நான் வெச்சுக்கிறேன்" என்று நாலு பேர் கை நீட்டுவார்கள். அடுத்தவர் கைகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. எனவே தூங்கினார்.

நாற்பது பேர் உட்கார்ந்திருந்த பெட்டி அது. பெரியவர் யாரிடமாவது போய் நிற்கக்கூடாதா? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நூல் பிடித்ததுபோல நேராக பூ மாஸ்டருக்கு முன்னால் வந்து நின்றார். இமை இடுக்கு வழியே கைத்தடியின் நுனி தெரிந்தது. இந்த மனிதருக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று பூ மாஸ்டர் மனதுக்குள் நொந்துகொண்டார்.

"ஐயா, நீங்க இங்க உட்காருங்க" என்றாள் எதிர்ச் சீட்டில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மாள்.

"வேண்டாம்மா, எனக்கு இதுவே சௌகரியம்" என்றார் பெரியவர்.

"எவ்வளவு பெரிய மனசு பாருங்க. உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இல்லையே" என்றாள் அம்மாள், குரலைக் கொஞ்சம் உயர்த்தி.

"அவர் தூங்குறாரும்மா. விடுங்க" என்றார் பெரியவர்.

"தூங்குறாரா? இதுவா?" என்றார் பூ மாஸ்டருக்குப் பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர். "நானும் பதினஞ்சு வருஷமா இந்த வண்டியில வர்றேன். தூங்குறவன் வாய் இப்படியா மூடியிருக்கும்?"

பூ மாஸ்டர் வாயைத் திறந்தார். உடனே திறந்தால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்.

"வாய் திறந்தாப் போதுமா? கழுத்து நேரா நிக்குதே" என்றாள் கம்பளி அம்மாள்.

கழுத்து சாய்ந்தது. தலை செய்தித்தாள்காரரின் தோளில் போய் விழுந்தது. "சார், இஸ்திரி போட்ட சட்டை" என்று அவர் ஒற்றை விரலால் அந்தத் தலையைத் தள்ளிவிட்டார். தள்ளிய வேகத்தில் அது மறுபக்கம் போய் இரும்புக் கம்பியில் ணங்கென்று மோதியது. பூ மாஸ்டருக்குப் பொறி கலங்கியது. இருந்தாலும் கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த வளைவில் இன்னொரு ணங். அதற்கடுத்த வளைவில் இன்னொன்று.

செய்தித்தாள்காரர் பேப்பரை மடித்தார்.

"ஏங்க, இவ்வளவு அடிபட்டும் எழுந்திரிக்கலையே. தூங்குறவனா இருந்தா முழிச்சிருப்பான். நடிக்கிறவனா இருந்தாலும் முழிச்சிருப்பான்."

"அப்போ?" என்றாள் அம்மாள்.

"மயக்கம்" என்றார் அவர்.

சரி, இனிமேல் தாங்காது. கொட்டாவி விட்டு, சோம்பல் முறித்து, மெதுவாக எழுந்துகொள்வோம் என்று பூ மாஸ்டர் முடிவு செய்தார். கொட்டாவிக்காக மூச்சை உள்ளே இழுத்த அந்த நேரத்தில் சட்டைப்பையில் செல்போன் அடித்தது.

மனைவிதான். எங்கே வருகிறீர்கள் என்று கேட்பதற்கு. அவர் விழித்துக்கொள்வதற்குள் செய்தித்தாள்காரர் போனை உருவிவிட்டார்.

"வீடுன்னு போட்டிருக்கு. ஹலோ? ஆமாம்மா, அவர் போன்தான். நீங்க அவர் சம்சாரமா? பதறாதீங்க. உங்க வீட்டுக்காரர் ட்ரெயின்ல மயங்கிக் கிடக்கிறார். இல்லம்மா, மூச்சு இருக்கு. இப்போதைக்கு இருக்கு."

போனுக்குள்ளிருந்து மனைவி கதறியது பெட்டி முழுக்கக் கேட்டது. இனி எப்படி எழுந்திருப்பது? "தூங்கிட்டேன்" என்றால் மூன்று தடவை கம்பியில் அடித்ததற்கு என்ன பதில்? "நடிச்சேன்" என்றால் பெட்டியே சேர்ந்து அடிக்கும். குறைந்தபட்சம் உயிரோடு இருப்பதையாவது மனைவிக்குத் தெரிவிக்கலாம் என்று லேசாக முனகினார்.

"முனகுறார்ம்மா. வலி போலிருக்கு" என்றார் செய்தித்தாள்காரர் போனில். "சரி, அடுத்த ஸ்டேஷன்ல இறக்குறோம். நீங்க அங்க வந்துடுங்க."

"கொஞ்சம் தள்ளுங்க. நான் மருந்துக்கடையில வேலை பார்க்கிறேன்" என்று ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். வந்ததும் ஷூவைக் கழற்றச் சொன்னாள். ஷூ போனது. பெல்ட்டைத் தளர்த்தச் சொன்னாள். அதுவும் தளர்ந்தது. யாரோ ஒரு பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்தார்கள். அது நன்றாகக் குளிர்ந்த தண்ணீர். பூ மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பல்லைக் கடிக்கிறார். அந்தப் பெட்டியை முதல்ல எடுங்க" என்றாள் அவள்.

அதை மட்டும் அவர் விடவில்லை.

"விரல் விறைச்சுப் போச்சு" என்று சொல்லி, பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பெட்டி கைமாறியது. மேலே சாமான் வைக்கிற பலகையில், ஒரு சூட்கேசின் மேல், ஒரு பக்கம் ஒருக்களித்தாற்போல் அதை வைப்பது இமை இடுக்கு வழியே தெரிந்தது. பூ மாஸ்டரால் பொறுக்க முடியவில்லை. கண்ணை மூடியபடியே, "சாய்க்காதீங்க" என்றார்.

"சாய்க்க வேண்டாமாம். அவரை நிமிர்த்தி உட்கார வையுங்க" என்றாள் மருந்துக்கடைப் பெண். நாலு பேர் அவரை நிமிர்த்தினார்கள். கேக் சாய்ந்தபடியே இருந்தது.

வண்டி அப்போது ஸ்டேஷனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் தானாகவே நின்றிருக்கும். ஆனால் அபாயச் சங்கிலியை இழுக்க வாழ்நாளில் எத்தனை தடவை வாய்ப்பு வரும்? செய்தித்தாள்காரர் ஒரே இழுப்பாக இழுத்தார். வண்டி குலுங்கி நின்றது. அட்டைப்பெட்டி பலகையின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சர்ரென்று ஓடி, சுவரில் முட்டி நின்றதைப் பூ மாஸ்டர் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

நிஜமான மயக்கம் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

*

ஸ்டேஷன் முதலுதவி அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, எடை பார்க்கிற மெஷின் ஒன்று. தூக்கி வந்தவர்கள் அவரைக் கட்டிலில் போட்டுவிட்டு, ஆபீசுக்கு நேரமாகிறது என்று அதே வண்டியில் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். அவருடைய ஷூவும் அதே வண்டியில் போய்விட்டது.

பெரியவர் மட்டும் போகவில்லை.

"நீங்க கிளம்புங்க ஐயா, நாங்க பார்த்துக்கிறோம்" என்றார் ஸ்டேஷன் ஊழியர்.

"அவர் வீட்டுல இருந்து ஆள் வரட்டும். நான் இருக்கேன்" என்றார் பெரியவர். கேக் பெட்டியைக் கொண்டுவந்ததும் அவர்தான். ஒரு கையில் தடி, ஒரு கையில் பெட்டி. அதை அறையில் இருந்த ஒரே நாற்காலியின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, தான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

பூ மாஸ்டர் இமை இடுக்கு வழியே அதைப் பார்த்தார். ரயிலில் நிற்க வைத்தது போதாது என்று, இங்கேயும் தன் கேக்குக்கு இடம் கொடுத்துவிட்டு அந்த மனிதர் நிற்கிறார். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி நேரம். கட்டிலில் மெத்தை இருந்தது. ஆனாலும் அவருக்கு முள்ளின் மேல் படுத்திருப்பது போல இருந்தது.

மனைவி ஓடி வந்தாள். விழாவுக்காகக் கட்டிய புதுப் புடவை தாறுமாறாகக் கிடந்தது.

"என்னங்க, என்னங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு உடைந்துபோனாள். "எல்லாம் என்னாலதான். கேக் கேக்குன்னு உங்களைப் போட்டுப் படுத்தி எடுத்தேன். இனிமே ஒண்ணும் கேக்க மாட்டேங்க. நீங்க கண்ணைத் திறந்தாப் போதும்."

பூ மாஸ்டர் கண்ணைத் திறந்தார். பதினாறு வருடத்தில் அவள் இப்படி அழுது அவர் பார்த்ததில்லை. மயக்கம் என்றே விட்டுவிட்டால் என்ன? குறைந்தது ஆறு மாதத்துக்கு வீட்டில் ராஜ மரியாதை. ஆனால் அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு விசும்புவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

"இதுதான் உங்க குணம். எப்பவும் ஒண்ணும் இல்லன்னுதான் சொல்வீங்க."

"நிஜமாவே இல்ல. நான் மயங்கல. தூங்கக்கூட இல்ல."

அவள் அழுகை நின்றது. பிடித்த கை மட்டும் அப்படியே இருந்தது.

"இவர் ஏறினார். எழுந்தா இடம் கொடுக்கணும். கொடுத்தா கேக் நசுங்கிடும். அதான் கண்ணை மூடிக்கிட்டேன். அப்புறம் திறக்கிறதுக்குத் தோதா ஒரு நேரமே அமையல."

மனைவி கையை விட்டாள். நாற்காலியில் இருந்த பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துத் திறந்தாள். திறந்து வைத்த புத்தகம் மூடிக் கிடந்தது. ஓரத்தில் ஒரே ஒரு ரோஜா மட்டும் தப்பித்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழகாத்தான் போட்டிருக்கீங்க" என்றாள். குரல் இளகியது, உடனே இறுகியும் விட்டது. "ஆனா, வயசானவரை நிக்க வெச்சுட்டு வர்ற பூ எனக்கு வேண்டாம். முதல்ல அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

பூ மாஸ்டர் வெறுங்காலோடு கட்டிலைவிட்டு இறங்கினார். தளர்ந்த பெல்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாற்காலியைத் துடைத்து, பெரியவருக்கு முன்னால் கொண்டுபோய்ப் போட்டார். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"ஐயா, ரயில்ல உங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கணும். புத்தி கெட்டுப்போய் தூங்குற மாதிரி நடிச்சுட்டேன். என்னை மன்னிச்சு, ஒரு நிமிஷம் இதுல உட்காருங்க. அப்போதான் எனக்கு மனசு ஆறும்."

பெரியவர் நாற்காலியைப் பார்த்தார். தடியை எடுத்துக்கொண்டு, அவசரமாக ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"ஐயய்ய, நீங்களுமா? எனக்கு முதுகுல ஆபரேஷன் ஆனதுல இருந்து உட்காரவே கூடாது தம்பி. வண்டியில ஏறினா ஆளாளுக்கு எழுந்து இடம் கொடுத்து உயிரை வாங்குறாங்க. அதனாலதான் எப்பவும் நல்லாத் தூங்குற ஆளாப் பார்த்து, அவர் முன்னால போய் நின்னுக்கிறது."